எலும்பு முறிவும் இன்ஷ்யூரன்ஸ் அட்டையும்

"ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது" என்று தமிழர் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்குக்கு ஆதாரமான ஸ்தலம் விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட அவ்வூரில் சுந்தரமூர்த்தி நாயனார் பன்னீராயிரம் பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றிலே இட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்திலே தேடி எடுத்துக்கொண்டார் என்ற வரலாறு பெரிய புராணம் கேட்டோருக்குப் புதிதன்று. நாயனாருக்குப் பொன் கிடைத்தது. அவருக்கு இறைவன் துணை நின்றான். இன்று அதே ஊரில் ஓர் ஏழைத் தொழிலாளிக்குக் கால் முறியுமானால், சர்க்கார் கொடுத்த இன்ஷ்யூரன்ஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஏற்கும் எலும்பு ரண வைத்தியரை அவன் ஊர் ஊராகத் தேட வேண்டியவனாகிறான். அட்டை கிடைத்த இடம் ஒன்று. வைத்தியர் இருக்குமிடம் வேறொன்று. அவனுக்குத் துணை நிற்க வேண்டியவர் யார் என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

விருத்தாசலம் பீங்கான் ஊர். சிட்கோவின் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழிலுக்கென்றே அமைந்த அரசாங்கக் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. கார்த்திகைக்கு அகல் விளக்கும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மையும், மின்சாரத்துக்குப் பியூஸ் கட்டையும் செய்து அனுப்பும் சிறு சூளைகள் பல. களிமண்ணை அரைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, வர்ணம் பூசி, சூளையில் அடுக்கி, இறக்கி, கட்டி ஏற்றுவது வரை எல்லாம் முதுகாலும் தோளாலும் முழங்காலாலும் நடக்கும் வேலை. ஈரக் களிமண் சிந்திய தரையில் சுமையோடு வழுக்கி விழுவதற்கு ஒரு கணம் போதும். ஊரோ நான்கு திசை ரயில் பாதைகள் சந்திக்கும் ஜங்ஷன். சாலைகளில் கரும்பு லாரியும் மோட்டார் சைக்கிளும் ஓயாமல் ஓடுகின்றன. எலும்பு முறிவதற்கு வேண்டிய சந்தர்ப்பங்கள் அவ்வூரில் குறைவில்லை.

ஒரு தொழிலாளிக்குச் சூளையில் தொடை எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் எந்த அட்டை இருக்கிறது?

முதலாவது, தொழிலாளர் அரசாங்க இன்ஷ்யூரன்ஸ், அதாவது ஈ.எஸ்.ஐ. பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையை அஸ்திவாரமாகக் கொண்டு 1948-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயன் அது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் ஆரம்பமாகி, 1955-ல் கோயமுத்தூர் வழியாகத் தமிழ்நாட்டில் கால் வைத்தது. நல்ல ஏற்பாடுதான், சம்பளத்திலிருந்து சிறு பங்கு தொழிலாளியும் பெரும் பங்கு முதலாளியும் செலுத்த, சிகிச்சையோடு வேலையிழந்த நாட்களுக்குப் பணமும் கிடைக்கும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது கட்டாயமில்லை. சிறு சூளைகளில் பாதிக்கு மேல் குடும்பமும் நாலைந்து கூலியாட்களுமாக நடப்பவை என்பதை அத்தொழிலைப் பார்த்தவர் அறிவர். பத்துக்கு மேல் ஆள் வைத்திருப்போரும் பேரேட்டில் ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளும் வித்தையை நாம் வக்கீல் தொழிலில் போதுமான அளவு கண்டிருக்கிறோம். அப்படியே ஈ.எஸ்.ஐ. இருந்தாலும், தமிழ்நாட்டில் அதன் பெரிய ஆஸ்பத்திரிகள் சென்னை, கோவை, மதுரை, சேலம் போன்ற நகரங்களை ஒட்டியவை, மணிமுத்தாற்றங்கரைக்கு எட்டாதவை.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012 ஜனவரியில் வேறு அமைப்போடு மீண்டும் தொடங்கி, 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷம் ரூ. 5 லட்சம் வரை சிகிச்சை என்ற நிலைக்கு வந்தது. 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, குடும்ப வருமான வரம்பு ரூ. 72,000-லிருந்து ரூ. 1,20,000 ஆயிற்று, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுப் பிரீமியம் ரூ. 849 வீதம் சர்க்காரே யுனைடெட் இந்தியா இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டுவதென்று ஏற்பாடு. ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் என்றால், வருஷத்துக்கு ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. கட்சி மாறியும் திட்டம் மாறாமல் வளர்ந்ததென்பது தமிழ்நாட்டு அரசியலில் அபூர்வமான சங்கதி. அதற்காக இரு தரப்பாரையும் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. இத்திட்டத்தால் இருதய ரண சிகிச்சையும் சிறுநீரக சிகிச்சையும் பெற்று உயிர் பிழைத்த ஏழைகள் ஆயிரக்கணக்கானோர்.

ஆயினும் அட்டை என்பது பணம் கொடுப்பதாகச் சொல்லும் வாக்குறுதியேயன்றி வைத்தியர் அன்று. இந்த வேற்றுமையை மேடைகளில் பேசுவோர் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

திட்டம் நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டோடு கடலூர்க் கலெக்டர் காரியாலயத்திலுள்ள மையத்துக்குப் போனால் பெயர் பதிவாகும். பிறகு வியாதி வரும்போது, திட்டத்தில் பதிவு செய்துகொண்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. இன்ன இன்ன பிரிவுகளுக்கு என்று தனித் தனியே அங்கீகாரம் வேண்டும். கண்ணுக்குப் பதிவான ஆஸ்பத்திரியில் காலுக்குச் சிகிச்சை கிடையாது. எலும்புப் பிரிவுக்குப் பதிவு பெற்றதாயினும், செய்ய வேண்டிய சிகிச்சை திட்டத்தின் ஜாபிதாவில் இருக்க வேண்டும். இருந்தால், எக்ஸ்ரே படத்தையும் விவரத்தையும் அனுப்பி முன் அனுமதி பெற வேண்டும். இத்தனைக்கும் பிறகே கத்தி எடுக்கலாம்.

இதில் முக்கியமான ஓர் இடைவெளி இருக்கிறது. திட்டம் பதிவு செய்வது கட்டிடத்தை, கையை அன்று. நமது சிறு நகரங்களில் எலும்பு ரண வைத்தியர் பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரிக்கு உரியவரல்லர். காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று பத்துப் படுக்கை, பதினைந்து படுக்கை கொண்ட நர்ஸிங் ஹோம்களுக்கு அழைத்தபோது வந்து போகிறவர். அந்தச் சிறு ஆஸ்பத்திரிகளுக்குப் பதிவுக்கு வேண்டிய வசதிகள் இரா. இருந்தாலும் பதிவு செய்துகொள்ள விருப்பமிராது. ஆகவே ஊரில் எலும்பு டாக்டர் இருக்கிறார், அட்டையும் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதற்கு இடமில்லை. "டாக்டர் வருவார், ஆனால் அட்டை இங்கே செல்லாது" என்ற பதிலைக் கேட்டு வெளியே வந்தவர்கள் இதைப் படிக்கும் நேயர்களுக்குள்ளேயே பலர் இருப்பார்கள்.

வைத்தியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. தகடும் ஆணியும் திருகும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. மயக்க மருந்து டாக்டருக்குக் கூலி உண்டு. திட்டம் ஒரு சிகிச்சைக்கு ஒரு மொத்தத் தொகையை நிர்ணயிக்கிறது; ஆஸ்பத்திரியின் தரத்துக்கேற்ப அது கூடும் குறையும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அத்தொகை கட்டுப்படியாகும்; சிறியதற்கு ஆகாது. அதுவும் வர வேண்டிய காலத்தில் வராவிட்டால், நூறு படுக்கைக்காரர் பொறுப்பார். பத்துப் படுக்கைக்காரர் வட்டிக் கடைக்குப் போவார். விலையைச் சர்க்கார் கட்டுப்படுத்த முடியாததல்ல. 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் மருந்து விலை நிர்ணய அதிகாரிகள் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தார்கள். கோபால்ட் குரோமியம் மூட்டு வரி நீங்கலாக ரூ. 54,720 என்று நிர்ணயமாயிற்று. அதற்கு முன் அதைப் போல் இரண்டு பங்குக்கு மேல் கொடுத்தவர் பலர்.

(இவ்விடத்தில் ஒரு விஷயம். இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கும் உருண்டை உயர்ந்த ரகப் பீங்கானாலும் செய்யப்படுகிறது. 1970-ல் பிரான்ஸில் பியேர் பூத்தான் என்ற டாக்டர் அலுமினாப் பீங்கானைக் கொண்டு அதைத் தொடங்கினார். பீங்கான் கல்லூரி உள்ள ஊரார் இதைக் கேட்டு வெறுமே வியந்துவிட்டுப் போக வேண்டுமா?)

அட்டையை ஏற்க மறுப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய ரோகமன்று. செல்வத்தில் உலகத்துக்கே முதன்மையான அமெரிக்காவில், ஏழைகளுக்கென்று மெடிகெய்ட் என்னும் சர்க்கார் இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறது. கலிபோர்னியாவில் சில வைத்தியர்கள் ஒரு சோதனை நடத்தி 2001-ல் வெளியிட்டார்கள். ஐம்பது எலும்பு வைத்தியசாலைகளுக்கு டெலிபோனில் கூப்பிட்டு, கை முறிந்த பத்து வயதுக் குழந்தையைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார்கள். தனியார் இன்ஷ்யூரன்ஸ் என்று சொன்னபோது ஐம்பதும் ஒரு வாரத்துக்குள் வரச் சொல்லின. சர்க்கார் இன்ஷ்யூரன்ஸ் என்று சொன்னபோது வரச் சொன்னது ஒன்றே ஒன்று. குழந்தை ஒன்றுதான்; முறிந்த கையும் ஒன்றுதான். லட்சம் கோடிகளில் புரளும் தேசத்திலேயே இதுவென்றால், அட்டை அச்சிட்டதோடு கடமை தீர்ந்ததென்று நாம் எண்ணுவது எவ்வளவு பேதைமை!

இங்கிலாந்தின் அனுபவம் இன்னும் படிப்பினை உடையது. 1911-ல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசீய இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின்படி தொழிலாளிக்கு ஒரு 'பானல்' டாக்டர் கிடைத்தார். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அவர் மருந்து கொடுத்தார். கால் முறிந்தால்? அதற்கு அச்சட்டத்தில் இடமில்லை. காச நோய் நீங்கலாக ஆஸ்பத்திரிச் சிகிச்சையையே அச்சட்டம் தொடவில்லை. தொழிலாளி தர்ம ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றான். 1948 ஜூலை 5-ந் தேதி ஆஸ்பத்திரிகளையே சர்க்கார் ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

ஆனால் அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே, சட்டத்தின் உதவியின்றி ஒருவர் வழி காட்டியிருந்தார். மான்செஸ்டர் நகரைக் கடலோடு சேர்க்க 36 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். பல்லாயிரம் கூலிகள் மண் வெட்டினார்கள், நாள்தோறும் விபத்து. 1888-ல் அதற்கு ரண வைத்திய அதிகாரியாக வந்த ராபர்ட் ஜோன்ஸ், காயம்பட்டவன் டாக்டரைத் தேடி வரட்டும் என்று லிவர்பூலில் உட்கார்ந்திருக்கவில்லை. கால்வாய் நெடுக முதலுதவி நிலையங்களையும், இடையிடையே மூன்று ஆஸ்பத்திரிகளையும் வைத்து, எலும்பு முறிந்த கூலியை வேலைக்கென்று போட்ட ரயிலிலேயே கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு செய்தார். எலும்பு முறியும் இடத்துக்கு வைத்தியத்தைக் கொண்டு போவது என்னும் இந்த எளிய யோசனைதான் பிற்காலத்து விபத்துச் சிகிச்சை முறைக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று.

அந்த ஜோன்ஸுக்குக் குரு, அவருடைய மாமா முறையான ஹ்யூ ஓவன் தாமஸ். அவர் வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு கட்டும் நாட்டு வைத்தியர் குடும்பத்திலே பிறந்தவர். தகப்பனார் ஈவான் தாமஸ் பட்டம் பெறாத நாட்டு வைத்தியர். மகனைப் பட்டப் படிப்புக்கு அனுப்பினார். தொடை எலும்பு முறிவுக்கு அவர் கண்டுபிடித்த இழுவைச் சட்டம், முதல் உலக யுத்தத்தில் ஜோன்ஸின் முயற்சியால் போர்முனைக்குச் சென்றது. அதற்கு முன் தொடை முறிந்த சிப்பாய்களில் நூற்றுக்குச் சுமார் எண்பது பேர் மாண்டார்கள். பின்பு மாண்டவர் சுமார் இருபது பேர் என்பது யுத்தகால வைத்தியர்களின் கணக்கு.

இதை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம்மிடமும் அத்தகைய பரம்பரை இருக்கிறது. ஆந்திர நாட்டுப் புத்தூருக்கு அருகில் கேசவ ராஜு என்பவரின் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எலும்பு கட்டி வருகிறார்கள். பச்சிலைச் சாறும், முட்டையின் வெண்கருவும், துணியும், மூங்கில் சிம்பும் அவர்களுடைய ஆயுதங்கள். "புத்தூர் கட்டு" என்ற பலகை தொங்காத ஊர் இன்று தமிழ்நாட்டில் அரிது. பலகை போட்டவரெல்லாம் அக்குடும்பத்தாரிடம் கற்றவர்தானா என்பது வேறு விஷயம். படித்தவர்கள் இக்கட்டுக்காரர்களைக் கண்டு நகைப்பது வழக்கம். நாம் நகைக்க மாட்டோம். இடம் பெயராத எளிய முறிவு அசையாமல் வைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். கட்டுக்காரர் ஊரிலேயே இருக்கிறார், உடனே தொடுகிறார், அட்டை கேட்பதில்லை, கூலி சொல்லிவிட்டுத்தான் கட்டுகிறார். நமது ஆஸ்பத்திரிகள் கொடுக்காத நான்கு சௌகரியங்களை அவர் கொடுக்கும்போது ஜனங்கள் அங்கே போவது மூடத்தனமன்று.

ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவில் கட்டு உதவாது. சீக்கிரத்தில் புண்ணைக் கழுவி மருந்து ஏற்றாவிட்டால் சீழ் எலும்புக்குள் இறங்கும். குழந்தையின் முழங்கைக்கு மேல் முறிந்த எலும்பை இறுகக் கட்டினால், வீக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகும். சில சமயம் கையையே எடுக்க நேரும். வழுக்கி விழுந்த பாட்டிக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், எலும்பின் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அறுபடுவதால் அது தானாகக் கூடுவது அரிது. ஓரிரு நாட்களுக்குள் ரண சிகிச்சை செய்து எழுப்பி நடக்க வைக்காவிட்டால், படுக்கைப் புண்ணும் நுரையீரல் ஜுரமும் வந்து முடிந்துவிடும். அக்குடும்பம் "வயதாகிவிட்டது, போய்விட்டாள்" என்று சொல்லும். வயதினால் அல்ல, சிகிச்சை எட்டாத தூரத்தால் போனாள் என்பதை எந்தப் பதிவேடும் குறிக்காது.

தூரம் எவ்வளவு? விருத்தாசலத்திலிருந்து கடலூர் சுமார் 60 கிலோமீட்டர். சிதம்பரம் அதைவிடக் குறைவு. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021-ல் சுகாதார இலாகாவின் கீழ் வந்த அரசாங்கக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. விழுப்புரத்துக்கு அப்பால் முண்டியம்பாக்கம், புதுச்சேரியில் ஜிப்மர். எல்லாம் பெயர் பெற்றவையே. ஆனால் தொடை முறிந்தவனுக்கு 60 கிலோமீட்டர் என்பது வேறு கணக்கு. 108 வண்டி இலவசமாகக் கொண்டு போய்விடும்; திரும்பி வருவது அவன் செலவு. உடன் செல்லும் மனைவியின் கூலி போயிற்று. பிள்ளைகளைப் பார்ப்பவரில்லை. பத்து நாள் சாப்பாடு ஓட்டலில். ஆறு வாரங்களுக்குப் பிறகு மறு எக்ஸ்ரேக்கு மறுபடியும் வாடகைக் கார். ஆயுஷ்மான் பாரத் விதிகளில் வீடு திரும்பியபின் 15 நாள் வரை மருந்துச் செலவுக்கு இடமுண்டு. எலும்பு கூட 15 நாள் போதுமென்று யார் சொன்னார்கள்? சிகிச்சை இலவசம்; சிகிச்சைக்காகக் குடும்பம் கடன்பட்டது என்ற இரண்டு வாக்கியங்களும் ஒரே நோயாளியைப் பற்றி உண்மையாக இருக்க முடியும்.

இதில் விநோதம் ஒன்று. 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சாலையில் விபத்துக்குள்ளான எவருக்கும், அட்டை உண்டா, எந்த ஊர், எந்த மாகாணம் என்று கேளாமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் ஏற்கும். மிக உயர்ந்த திட்டம். வேறு மாகாணங்கள் பின்பற்றத் தக்கது. ஆனால் அதன் எல்லை சாலை. லாரி மோதி முறிந்த எலும்புக்கு அட்டை வேண்டாம். சூளைத் தரையில் வழுக்கி முறிந்த அதே எலும்புக்கு வேண்டும். உழைக்கும்போது விழுந்தவனுக்குச் சாலையில் விழுந்தவனைவிட உரிமை குறைவு என்று எந்த நீதி நூல் கூறுகிறது?

சட்டத்தைப் பார்ப்போம். 1992-ல் வங்காளத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயம்பட்டார். கல்கத்தாவிலிருந்த சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கையில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் கைப்பணம் கொடுத்துப் பிழைத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. ஆபத்துக் காலத்தில் சிகிச்சை கொடாமை அரசியல் சாஸனத்தின் 21-வது ஷரத்து தரும் உயிருரிமையை மீறுவதாகும்; பணமில்லை என்று சர்க்கார் சாக்குச் சொல்ல முடியாது என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. ரூ. 25,000 நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு முந்திய வருஷம், வி. பி. சாந்தா வழக்கில், நோயாளிக்காக இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று அதே கோர்ட் சொல்லிற்று. அட்டையோடு வருபவன் பிச்சைக்காரனல்லன் என்பது இதனால் விளங்கும். அவனுக்காகக் கட்டணம் செலுத்தப்படுகிறது. தரக்குறைவைத் தட்டிக் கேட்க வழியும் உண்டு.

தொழிற்கூடத்தில் நேர்ந்த காயத்துக்கு மற்றொரு பாதையும் உண்டு. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், 2009-ல் திருத்தப்பட்டபோது, நஷ்ட ஈட்டோடு வைத்தியச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று விதித்தது. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்விதியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்கும் சூளைத் தொழிலாளிக்கு இது பெரிய ஆயுதம். ஆனால் நஷ்ட ஈடு கேட்டால் அடுத்த தீபாவளிக்கு வேலை இராது என்ற அச்சம் சட்டத்தைவிட வலியது. தொழிற்சங்கம் உள்ள இடத்தில்தான் அவ்விதி உயிரோடு இருக்கும்.

இவையெல்லாம் விபத்துக்குப் பிறகு கேட்கும் வழிகள். விபத்துக்கு முன்னேயே வைத்தியர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால், இத்தனை வழிகள் வேண்டாம். 1943-ல் நியமிக்கப்பட்டு 1946-ல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டியில், நமது டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ஓர் அங்கத்தினர். பணம் கொடுக்க இயலாமையால் ஒருவருக்கும் வைத்தியம் கிட்டாமல் போகலாகாது என்று கூறிய அக்கமிட்டி, பத்தாயிரம் முதல் இருபதாயிரம் ஜனங்களுக்கு 75 படுக்கை கொண்ட ஓர் ஆஸ்பத்திரி என்று கணக்கிட்டது. அட்டை என்ற பேச்சே அதன் திட்டத்தில் இல்லை. ஊருக்கருகே ஆஸ்பத்திரி, அதில் டாக்டர் என்பதே திட்டம். எண்பது வருஷங்களாகியும் அக்கணக்கை நாம் எட்டவில்லை.

எல்லாத் தாலுகாவிலும் மூட்டு மாற்றும் ஆஸ்பத்திரி வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அவ்வளவு நுட்பமான வேலை பெரிய இடத்தில் நடப்பதே நன்று. நாம் கேட்பது, பீங்கான் தொழிலும் ரயில் ஜங்ஷனும் உள்ள ஒரு நகரத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் பகலிலும் இரவிலும் சாதாரண எலும்பு முறிவுக்கு ரண சிகிச்சை நடக்க வேண்டும் என்பது. அதற்கு எலும்பு டாக்டர் ஒருவர் போதாது. அவருக்கு லீவு உண்டு, தூக்கம் உண்டு. குறைந்தது இருவர், மயக்க மருந்து டாக்டர், சிகிச்சையின் போதே எலும்பைப் படம் காட்டும் சி-ஆர்ம் யந்திரம், அதை ஓட்டத் தெரிந்தவர், ரத்த வங்கி, அளவு அளவாகத் தகடும் ஆணியும். இவற்றில் ஒன்று குறைந்தால் மற்றவை சும்மா இருக்கும். பதவி மட்டும் காகிதத்தில் நிரம்பி, மயக்க மருந்து கொடுப்பவர் இன்றி நோயாளியைக் கடலூருக்கு அனுப்பும் ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸே தவிர ஆஸ்பத்திரியன்று. சர்க்கார் ஆஸ்பத்திரியும் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் செய்த சிகிச்சைக்குப் பணம் பெறுகிறது. அப்பணம் ஆஸ்பத்திரி வசதிக்கும் ஊழியர் ஊக்கத்துக்கும் போகிறது. ஆகவே தாலுகா ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தால் பிரீமியப் பணம் ஊருக்கே திரும்பி வருகிறது. நடக்காவிட்டால், விருத்தாசலத்தான் பெயரில் கட்டிய பிரீமியம் வேறு நகரத்துக் கட்டிடத்துக்கு மாடி எழுப்புகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், உடற்பயிற்சிச் சிகிச்சை செய்பவர் வீட்டுக்கே வருகிறார். ஜோன்ஸின் யோசனைக்கு ஒத்தது அது. ஆணி பொருத்திய காலை மடக்கி நீட்டக் கற்பிக்க வீடு தேடி வருகிற சர்க்கார், ஆணி பொருத்துபவரைத் தாலுகா வரையிலாவது கொண்டுவரக் கூடாதா?

பொதுப்பணியில் ஈடுபட்ட நமது நேயர்கள் இதில் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. பொதுக்கூட்டத் தீர்மானத்தைவிடப் பயனுள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, கடலூர் ஜில்லா மருத்துவ இணை இயக்குநருக்கும் காப்பீட்டுத் திட்ட இயக்குநருக்கும் ஒரு மனு எழுதலாம். விருத்தாசலம் அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர், மயக்க மருந்து டாக்டர் பதவிகள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, சி-ஆர்ம் இருக்கிறதா, கடந்த மூன்று வருஷங்களில் அங்கே நடந்த எலும்பு ரண சிகிச்சைகள் மாதவாரியாக எத்தனை, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட எலும்பு முறிவுக்காரர் எத்தனை, அத்தாலுகா அட்டைதாரர்களுக்கு எலும்புச் சிகிச்சை எந்தெந்த ஆஸ்பத்திரியில் நடந்தது, பதிவு பெற்ற ஆஸ்பத்திரிகளில் எலும்புப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்றவை எவை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. சுற்றுக் கிராமத்தார் இதே கேள்விகளைக் கிராம சபையில் தீர்மானமாக்கலாம்.

இன்றே கால் முறிந்து தவிப்பவருக்கு இது உதவாது. அவர் குடும்பத்தார் வண்டி ஏறுமுன் 1800 425 3993 என்ற காப்பீட்டுத் திட்ட இலவச டெலிபோனிலோ, ஆயுஷ்மான் பாரத்தின் 14555-லோ கூப்பிட்டு, "எலும்புப் பிரிவுக்குப் பதிவு பெற்ற ஆஸ்பத்திரி எது" என்று பிரிவின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். "பதிவு பெற்ற ஆஸ்பத்திரி எது" என்று மட்டும் கேட்டால் கண்ணாஸ்பத்திரிக்கும் வழி சொல்லிவிடுவார்கள். போன இடத்தில் அட்டையை முதலிலேயே காட்டி, முன் அனுமதி வந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதியான சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்; ரசீது கொடுக்க மறுத்தால் அதே எண்ணுக்கு அங்கிருந்தே புகார் சொல்லுங்கள்.

மேற்சொன்ன மனுவுக்குப் பதில் பெற்றவர்கள் அதன் நகலை இப்பத்திரிகைக்கு அனுப்பினால், அனுப்பியவர் பெயரை விலக்கி, எண்களை அப்படியே இப்பக்கத்தில் பிரசுரிப்போம். விருத்தாசலம் மாத்திரமின்றிப் பண்ணுருட்டி, திட்டக்குடி, உளுந்தூர்ப்பேட்டை தாலுகாக்காரர்களும் அனுப்பலாம்.